பம்பருக்குக் கீழே ஒரு சீப்பு

ஜூன் 8, ஞாயிறு

பொள்ளாச்சியில் மாமனார் வீட்டு விருந்து. நாட்டுக்கோழிக் குழம்பு. தொடைக்கறி இரண்டும் நவநீதன் இலைக்குப் போயின. எனக்குக் கழுத்து. மூத்த மாப்பிள்ளை நான்தான் என்பதை அத்தைக்கு யாராவது ஞாபகப்படுத்தினால் தேவலை.

நவநீதன் என் சகலை. என் பெண்டாட்டி கலைவாணியின் தங்கை நிவேதாவைக் கட்டியவன். சரவணம்பட்டியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். என்னைவிட ஐந்து வயது சின்னவன், அரை அடி உயரம் கூட. போன வருடம் இருவரும் ஒரே மாதத்தில் ஒரே மாடல் வெள்ளைக் கார் வாங்கினோம். பார்த்துப் பிடித்துப்போய் முதலில் சொன்னது நான். டெலிவரியை முதலில் எடுத்தது அவன். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

இன்று அவன் காரின் பின்பக்கம், பம்பருக்குக் கீழே, கறுப்பாக வரிசையாகத் துடுப்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. மாமா வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து தடவிப் பார்த்தார்.

"என்ன மாப்ள இது?"

"ரியர் டிஃப்யூசருங் மாமா. ரேஸ் கார்ல பாத்திருப்பீங்களே. வண்டிக்கு அடியில போற காத்தை ஒழுங்குபடுத்தி வெளிய அனுப்பும். வண்டி ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும்."

"அட, பந்தயக் காராட்ட இருக்குதே!" என்றார் அத்தை.

டிஃப்யூசரைப் பற்றி என் முன்னால் அவன் பாடம் எடுக்கிறான். கணபதியில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வருடக்கணக்காகக் குப்பை கொட்டுகிறவன் நான். போர்வெல் பம்புக்குள் டிஃப்யூசர் இருக்கிறது. சுற்றி வரும் தண்ணீரின் வேகத்தைக் குறைத்து அழுத்தமாக மாற்றுவது அதன் வேலை. காற்றானாலும் தண்ணீரானாலும் சங்கதி ஒன்றுதான். மாமாவுக்கு விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் சின்ன மாப்பிள்ளையோடு அடுத்த பக்கம் போய்விட்டார்.

எனக்குப் பொறாமை இல்லை. ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா?

ஜூன் 9, திங்கள்

இரண்டு தொடையில் ஒன்றையாவது எனக்கு வைத்திருக்கலாம்.

ஜூன் 29, ஞாயிறு

நவநீதனும் நிவேதாவும் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வண்டி எடுக்க வழி வேண்டும் என்றதால் அவன் காரை நான் நகர்த்தினேன். டேஷ்போர்டில் மைலேஜ் ஓடிக்கொண்டிருந்தது. லிட்டருக்குப் பத்தொன்பது! கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். அதே வண்டி, அதே எஞ்சின், என்னுடையது பதினைந்தரையைத் தாண்டியதே இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ பொசுக்கென்று பற்றிக்கொண்டது.

உள்ளே வந்ததும் கேட்டேன்.

"என்ன சகல, பத்தொன்பது காட்டுது? போன மாசம் உனக்கும் பதினஞ்சுதானே?"

அவன் நிவேதாவைப் பார்த்தான். நிவேதா கலைவாணியைப் பார்த்தாள். கலைவாணி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"அது... டிஃப்யூசர் மாட்டுனதுல இருந்துங்ணா" என்றான் கடைசியில்.

நம்பவில்லை. இன்னும் ஏதோ தந்திரம் செய்கிறான். வெளியே வந்து விசாரித்ததில் ஒன்று பிடிபட்டது. அவன் ஏசியே போடுவதில்லை. ஏசி வாடை வயிற்றைப் புரட்டுகிறது என்று நிவேதா சொன்னாளாம். நல்ல சாக்கு. நிவேதா கையில் பாதி எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே இருந்தாள். புருஷன் கஞ்சத்தனத்துக்கு அந்தப் பிள்ளை வெயிலில் வேக வேண்டியிருக்கிறது.

சாப்பிட்டதும் படுக்க வேண்டும் என்றாள். உள் அறையில் இருந்த அட்டைப்பெட்டிகளை நகர்த்திக் கலைவாணி பாய் விரித்துக் கொடுத்தாள். அந்த அறை எதற்காக என்று நினைத்து வீட்டைக் கட்டினோமோ அதற்கு இன்னும் ஆள் வரவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். போன தை மாதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவதையும் நிறுத்திவிட்டோம். அதைப் பற்றி எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். எழுதவில்லை.

ஜூலை 4, வெள்ளி

டிசைன் பிரிவு ஜெஸிந்தா மேடத்திடம் கேன்டீனில் மெதுவாகக் கேட்டேன், ஒரு நண்பருக்காகக் கேட்பது போல.

"ரேஸ் கார்ல நிச்சயமா வேலை செய்யும் சார். அதுக்கு வண்டியோட அடிப்பாகம் முழுக்கப் பலகை மாதிரி மழமழன்னு இருக்கணும். வேகம் வேணும். நம்ம வண்டிக்கு அடியில சைலன்சர், ஸ்டெப்னின்னு மேடும் பள்ளமுமா கிடக்கு. காத்து அங்கயே கலைஞ்சு போயிடும். அதுக்கப்புறம் பின்னாடி என்னத்த மாட்டினா என்ன?"

"அப்ப மைலேஜ்?"

"கண்டுபிடிக்கிற அளவுக்கு ஒன்னும் மாறாது. சில சமயம் தடைதான் கூடும். உங்க நண்பர் காசைக் கரியாக்க வேண்டாம்னு சொல்லுங்க."

பம்பிலும் அதேதான். உள்ளே வரும் தண்ணீர் ஒழுங்காக வந்தால்தான் டிஃப்யூசருக்கு வேலை. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

ஜூலை 6, ஞாயிறு

காந்திபுரத்தில் ஒரு கடையில் டிஃப்யூசர் மாட்டிக்கொண்டு வந்தேன். நவநீதனுடையதைவிட ஒரு துடுப்பு அதிகம்.

"மைலேஜ் கூடுமுங்களா?" என்று கேட்டதற்குக் கடைக்காரர், "கூடாம? பிக்கப்பே வேற மாதிரி இருக்குமுங்க" என்றார். நாலு ஸ்க்ரூ, கொஞ்சம் டேப். வேலை முடிந்துவிட்டது.

கலைவாணி வாசலில் நின்று பார்த்தாள். "என்னங்க இது, பம்பருக்குக் கீழ சீப்பு வெச்சாட்ட?"

"இது ஏரோடைனமிக்ஸ்."

"சரிங்க" என்று உள்ளே போய்விட்டாள். ஒரு மனுஷன் தன் வண்டிக்கு ஒன்று செய்துவிட்டு வந்தால் ஒரு வார்த்தை நன்றாயிருக்கிறது என்று சொல்ல வாய் வராதா?

ஜூலை 13, ஞாயிறு

முறைப்படி டெஸ்ட். நீலாம்பூர் பக்கம் ஒரு பங்கில் டேங்க் வாய்வரை பெட்ரோல் நிரப்பி, பைபாஸில் மதுக்கரை வரை போய்த் திரும்பி வந்து, அதே பங்கில் அதே குழாயில் மறுபடி நிரப்பினேன். டயரில் ஒரே காற்று. கண்ணாடிகள் மூடி, ஏசி அணைத்து. முன் சீட்டில் கலைவாணி, எடை ஐம்பத்தெட்டு கிலோ.

போன வாரம் மாட்டுவதற்கு முன்பே, கடைக்குப் போகிற சாக்கில், இதே போல ஓட்டிப் பார்த்திருந்தேன். ஏசி இல்லாததால் அப்போது பதினாறு. இன்று பதினாறுக்குக் கொஞ்சம் கீழே. எதிர்காற்று அடித்திருக்க வேண்டும்.

பிக்கப் தெரிகிறதா என்று பார்க்க நன்றாக மிதித்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. ஸ்டீரிங் கொஞ்சம் கெட்டியாக இருப்பது போலத் தோன்றியது. தோன்றியது என்றுதான் எழுத முடியும்.

கலைவாணி கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க வண்டிய டெஸ்ட் பண்றீங்களா, நிவேதா வூட்டுக்காரரையா?" என்று கேட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும், "ஏனுங்க, ஒன்னு சொல்லோணும்" என்றாள்.

"டெஸ்ட் முடியட்டும். இப்பப் பேசினா கவனம் சிதறும்."

டெஸ்ட் முடிந்ததும் என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். கண் சிவந்திருந்தது. கண்ணாடி மூடியிருந்த புழுக்கம்.

ஜூலை 20, ஞாயிறு

மறுபடி டெஸ்ட். மறுபடி பதினாறுக்குக் கீழே. கலைவாணி வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்குப் பதிலாக அரிசி மூட்டை ஒன்றையும் பம்பு ஒன்றையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. மாமா குடும்பம் மொத்தமும் பவானி கூடுதுறைக்குப் போனோம். நிவேதா மட்டும் வரவில்லை. பல்வலியாம். நவநீதன் தனியாக வந்தான்.

ஆற்றங்கரையில் மாமா கேட்டார், "பெரிய மாப்ள, நீங்களும் மாட்டீட்டீங்க போலிருக்குதே. எப்படியிருக்குது?"

"இருபது குடுக்குதுங் மாமா" என்றேன்.

நாக்கில் எப்படி வந்ததென்றே தெரியவில்லை. நவநீதன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "நெசமாவாங்ணா? அதுலயா?" என்றான். அதுலயா என்று ஏன் கேட்டான்? அவனுக்குத் தெரியும். அதில் ஒன்றுமில்லை என்று அவனுக்கே தெரியும்!

திரும்பும்போது பெருந்துறை தாண்டி ஒரு வெள்ளைக் கார் என்னை விர்ரென்று தாண்டிப் போனது. அவன்தான். என்ன வேகம்! அவிநாசியில் டீக்கடையில் பிடித்தேன். அவன் கை கழுவப் போன நேரம் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். பதினாலு காட்டியது.

பத்தொன்பது எங்கே போயிற்று? ஏதோ பித்தலாட்டம். அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் உடைத்துவிடுகிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேலை முடிந்து வந்தபோது கலைவாணி பின்கட்டில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அவருக்கு இப்பத் தெரிய வேண்டாமுங்க. நான் பாத்துச் சொல்றேன்" என்றாள். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள்.

யார் என்றேன். அம்மா என்றாள். அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். நவநீதன்.

நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அவளுடைய அம்மாவும் அப்பாவும் அவன் பக்கம். கோழிக்கறி அவன் பக்கம். இவளும் அவனோடு சேர்ந்துகொண்டு எனக்கு எதையோ மறைக்கிறாள். இவள் ஒருத்திதான் எனக்கென்று இருந்தாள். மைலேஜ் சமாச்சாரத்தை ஞாயிற்றுக்கிழமை கேட்கப்போகிறேன் என்று சொன்னேன்.

"வேண்டாமுங்க" என்றாள். "என்ற மேல சத்தியமா வேண்டாம்."

அவனுக்காக இவள் ஏன் கெஞ்ச வேண்டும்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பொள்ளாச்சியில் சாப்பாடு முடிந்தது. நிவேதா முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு அவர்கள் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். நவநீதன் கிளம்பத் தயாராக நின்றான். நான் கையை நீட்டினேன்.

"சாவியைக் குடு சகல. உன்ற வண்டி பத்தொன்பது குடுக்குதான்னு எல்லாரும் பாக்கட்டும்."

"இன்னைக்கு வேண்டாங்ணா. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"ஏன், பயமா?"

"இந்நேரத்துக்கு என்னத்துக்குங் மாப்ள?" என்றார் அத்தை. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அவன் கையிலிருந்த சாவியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஏறினேன். நவநீதன் பதறிப்போய் முன் சீட்டில் ஏறினான். கலைவாணி ஓடி வந்து பின்னால் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, மெதுவாப் போங்க" என்றான் அவன்.

"ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும்னியே? ஒட்டுதான்னு பாப்போம்."

மெயின் ரோட்டுக்குப் போகும் ஊர்ச் சாலையில் மிதித்தேன். அவன் ஏதோ கத்தினான். பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஒரு வேகத்தடை. வெள்ளை அடிக்காதது. தெரிந்தபோது நேரமில்லை. வண்டி எகிறி விழுந்தது. பின்னால் கறகறவென்று ஏதோ உரசி முறிந்தது.

"நிறுத்துங்க!" கலைவாணி அலறினாள். "ஐயோ நிறுத்துங்க! அவ மாசமா இருக்கா!"

நிறுத்தினேன். கலைவாணி தங்கையை மார்போடு இறுக்கி அணைத்திருந்தாள். நிவேதா வயிற்றில் கை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். கண்ணைத் திறந்து, "ஒன்னுமில்லைங் மாமா" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்கிறாற்போல. ரோட்டில் பின்னால் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் இரண்டாக உடைந்து கிடந்தது.

பொள்ளாச்சியிலேயே டாக்டரம்மாவிடம் போனோம். நவநீதன் ஓட்டினான். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை நான் உட்காரவே இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் நவநீதன் வந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அவ உக்காந்தா நான் நாப்பதுக்கு மேல போறதில்லைங்ணா. திடீர்னு பிரேக்கும் போடறதில்லை. ஏசியும் இல்லை. அதான் மைலேஜ். நீங்க கேட்டப்ப வேற என்ன சொல்றதுன்னு தெரியல. வாய்க்கு வந்தது டிஃப்யூசர். நீங்களும் போய் மாட்டுவீங்கன்னு சத்தியமா நெனைக்கல."

டெஸ்ட் பெஞ்சில் பம்பு ஏறினால் முதல் வேலையாக வோல்டேஜ் என்னவென்று கேட்பவன் நான். கரண்ட் சரியில்லாமல் பம்பைக் குறை சொல்லக்கூடாது என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். இத்தனை டெஸ்டில் வண்டியைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன், காற்றைப் பார்த்தேன். ஓட்டுகிறவன் காலைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கலைவாணியிடம் கேட்டேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"நாள் தள்ளிப்போன மறுநாளே நிவேதா சொல்லீட்டா. மூனு மாசம் முடியாம யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, முக்கியமா அக்காகிட்டன்னு அம்மா சொல்லியிருக்காங்க. கண்ணு பட்டுரும்னு. அவ கேக்கல. எங்கிட்டதான் மொதல்ல சொன்னா."

"உன்ற கண்ணா? பெத்த பொண்ணைப் பத்தி உங்கம்மா அப்படி நெனைச்சாங்களா?" எனக்கு அத்தை மேல் அப்படிக் கோபம் வந்தது. "சரி, மூனு மாசந்தான் முடிஞ்சிருச்சே. எனக்காவது சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அம்மா சொல்லல. நிவேதாவும் சொல்லல. அவ வூட்டுக்காரரு பாவம், அண்ணன்கிட்ட நானே சொல்லீர்றேன்னு நாலு தடவை போன் பண்ணினாரு."

"அப்புறம்?"

"நாந்தானுங்க வேண்டாம்னேன்."

அத்தை என் பெண்டாட்டியின் கண்ணுக்குப் பயந்தார். என் பெண்டாட்டி என் கண்ணுக்குப் பயந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டிஃப்யூசரைக் கழற்றினேன். ஸ்க்ரூ சுலபமாக வந்துவிட்டது. டேப்தான் பிடிவாதம் பிடித்தது. பசை ஒட்டியிருந்த இடத்தில் பெயின்ட் உரிந்து வந்துவிட்டது. கலைவாணி மண்ணெண்ணெய்த் துணி கொண்டுவந்து கொடுத்தாள். இருவரும் உட்கார்ந்து தேய்த்தோம்.

"உனக்குப் பொறாமையா இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமா?" என்றாள் தேய்த்துக்கொண்டே. "அவ சொன்ன அன்னைக்கு பாத்ரூம்ல போய் அழுதேன். அப்புறம் வந்து அவளுக்கு மாங்கா அரிஞ்சு குடுத்தேன்."

அவளாவது அழுதாள். நான் துடுப்பு மாட்டினேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நவநீதன் டைல்ஸ் எடுக்க வெளியூர் போயிருக்கிறான். நிவேதாவுக்கு இன்று ஐந்தாம் மாத ஸ்கேன். டாக்ஸி பேசிக்கொள்ளலாம் என்று அத்தை சொன்னாராம். நியாயம்தான், நானாயிருந்தாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் காலையில் நிவேதாவே கூப்பிட்டாள். "மாமா, நீங்க வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

லீவு சொல்லிவிட்டுக் கலைவாணியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சரவணம்பட்டியிலிருந்து ஆஸ்பத்திரி வரை நாற்பதைத் தாண்டவில்லை. நேற்றுப் பிள்ளையார் சதுர்த்தி, மூலைக்கு மூலை பந்தல். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் அநேகமாக நின்றே போனேன். பின்னாலிருந்த ஆட்டோக்காரன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. தாண்டிப் போகும்போது, "வண்டியத் தள்ளிட்டே போயிருக்கலாமேண்ணா!" என்று கத்தினான். பின்னால் அக்காவும் தங்கையும் சிரித்தார்கள். கண்ணாடியை இறக்கி, ஏசி அணைத்து, டேஷ்போர்டில் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்திருந்தேன். வாடையெல்லாம் இப்போது புரட்டுவதில்லை என்றாள் நிவேதா. இருந்தாலும் கையில் வாங்கிக்கொண்டாள்.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்து, "நல்லாயிருக்குதாமுங் மாமா" என்றாள். சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான். வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன, ஒன்று வந்ததால் மற்றது போய்விடவில்லை. இங்கேயாவது பொய் எழுதாமல் இருக்கலாம்.

அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் கிளம்பினோம். மைலேஜ் பத்தொன்பதரை காட்டியது. கலைவாணி முன் சீட்டுக்கு வந்திருந்தாள். அந்தப் பழைய பழக்கத்தில் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். சக்தி ரோடு காலியாகக் கிடந்தது. நான் நாற்பதிலேயே போய்க்கொண்டிருந்தேன்.

"அதான் அவளை எறக்கி விட்டாச்சே" என்றாள். "வண்டியில இப்ப யாரு இருக்கா? கொஞ்சம் வெரசாப் போலாமில்ல?"

"நீ இருக்கியே" என்றேன்.

கணபதி வருவதற்குள் அவள் எங்கேயோ கைப்பிடியை விட்டுவிட்டாள்.